இதைவிட லேசான ஸ்விட்ச்

அஞ்சே நிமிஷம் மேடம் என்று சொல்லிவிட்டு மாடி குடோனுக்கு ஏறிப்போன கடைக்கார பாய் இன்னும் இறங்கி வரவில்லை. ரிச்சி தெருவில் அஞ்சு நிமிஷம் என்றால் ஒரு டீயும் இரண்டு போன் பேச்சும் என்று பொருள், அது எனக்குத் தெரியும், நான் இந்தத் தெருவுக்குப் புதியவள் இல்லை, தெருதான் என்னை ஒவ்வொரு தடவையும் புதியவளாக்கிவிடுகிறது. புடவை கட்டிய பொம்பளை படியேறினாலே மொபைல் கவரா மேடம், சார்ஜரா மேடம் என்று ஆரம்பித்துவிடுவார்கள், மைக்ரோ ஸ்விட்ச் என்றதும் முகத்தை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்துவிட்டு, பையனோட காலேஜ் புராஜெக்டா என்பார்கள், நானும் ஆமாம் என்றுவிடுவேன். எனக்குப் பையனும் இல்லை பெண்ணும் இல்லை. புருஷன் படுத்துக் கிடக்கிறார், கண்ணையும் வலது கால் கட்டை விரலையும் தவிர உடம்பில் எதுவும் அசைவதில்லை, அந்த விரலால் மணியடித்து என்னைக் கூப்பிட ஒரு ஸ்விட்ச் வேண்டும் என்று சொன்னால் கடையில் எல்லோரும் ஒரு கணம் பேச்சை நிறுத்திவிடுவார்கள், அந்த நிறுத்தத்தை நிறையப் பார்த்தாயிற்று, அதற்குப் பிறகு வரும் ச்சு ச்சுவையும் பார்த்தாயிற்று, காலேஜ் புராஜெக்ட்டே மேல். மடியில் துணிப்பை இருக்கிறது. பைக்குள் பழைய ஸ்விட்ச் வைத்த சோப்பு டப்பா இருக்கிறது, துணிக்கு மேலேயே அதன் மூலைகள் கைக்குத் தட்டுப்படுகின்றன. பழைய ஸ்விட்ச்சை சாம்பிளுக்கு எடுத்துட்டு வாங்க மேடம், பார்த்தாத்தான் அதே சைஸ்ல லேசான ஸ்பிரிங் தேட முடியும் என்று பாய் போனில் சொல்லியிருந்தார். இந்தத் தெருவில் எல்லாவற்றுக்கும் சாம்பிள் வேண்டும், வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள், கெட்டுப்போனதைக் கையில் கொண்டுபோய்க் காட்டினால்தான் நல்லதைக் கண்ணில் காட்டுவார்கள். ஃபேனுக்குக் கீழே ஸ்டூல் போட்டிருக்கிறார்கள், ஃபேன்தான் சுற்றவில்லை.

எங்கேயோ பஸ்ஸர் அலறுகிறது, எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது, பாதி எழுந்தேவிட்டேன். எதிர்க்கடையில் எவனோ ஒன்றை பேட்டரியில் வைத்து டெஸ்ட் பண்ணுகிறான். இந்தத் தெருவில் நாள் முழுக்க இதே வேலைதான், கீங் கீங் என்று, ஒவ்வொரு கீங்குக்கும் எனக்குக் கால் தானாக உள்ளறைப் பக்கம் திரும்புகிறது, இங்கே ஏது உள்ளறை. லாரி ரிவர்ஸ் எடுக்கும்போதும் இப்படித்தான், பக்கத்து வீட்டு மைக்ரோவேவ் முடியும்போதும் இப்படித்தான், குளிக்கும்போது தண்ணீர்ச் சத்தத்துக்குள்ளேயே ஒரு கீங் கேட்கும், சோப்போடு ஓடிப்போய்ப் பார்த்தால் அவர் என்னை அதிசயமாகப் பார்த்துக்கொண்டிருப்பார், கூப்பிடவே இல்லையே என்று கண் சொல்லும். எச்சில்தான் எமன். வாயில் ஊறுகிற எச்சிலை விழுங்க முடியாது, புரைக்கேறினால் இருமவும் முடியாது, ஒருக்களித்துப் படுக்க வைத்துத் துணியால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும், தலை கொஞ்சம் நேராகச் சரிந்துவிட்டால் நாம் வாயில் ஊற வைத்துப் பேசுகிற இந்த எச்சிலே போதும் ஓர் ஆளை முடிக்க. டாக்டர் அந்த வியாதிக்கு மூன்று எழுத்தில் ஒரு பெயர் சொன்னார், சொல்லிவிட்டு, ஆனா புத்தி அப்படியே இருக்கும்மா, காதும் நல்லாக் கேட்கும் என்றார், ஏதோ லாட்டரியில் ஆறுதல் பரிசு விழுந்த மாதிரி. அந்த ஆறுதல் பரிசை வைத்துக்கொண்டுதான் நாங்கள் குடும்பம் நடத்துகிறோம். ஒரு கீங் என்றால் வா. இரண்டு என்றால் எச்சில். நிறுத்தாமல் அடித்தால் ஓடி வா. தயாளன் என்கிற மனுஷரின் மொத்த பாஷையும் இப்போது இவ்வளவுதான்.

வாயாலேயே சம்பாதித்தவர். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். பெரம்பூரில் அவர் பேச்சுக்குத் தப்பிய ஆள் கிடையாது, கல்யாண வீட்டுப் பந்தியில்கூடப் பக்கத்து இலைக்காரரைத் திருப்பி உட்கார வைத்து, சார் உங்களுக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா ஒரு பேச்சுக்கு வெச்சுக்குவோம், ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா என்று ஆரம்பிப்பார், பாயசம் வருவதற்குள் அந்த மனிதர் கையெழுத்துப் போடுகிற நிலைமைக்கு வந்திருப்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும். சாப்பாட்டு இலையில் உட்கார்ந்துகொண்டு என்ன பேச்சு இது, வாயைக் கொஞ்ச நேரம் மூடிக்கிட்டு இருங்களேன் என்று எத்தனை தரம் தொடையில் கிள்ளியிருப்பேன். வியாதி வந்ததும் அந்த வாயில் முதலில் ர போயிற்று, அப்புறம் ல, என் பெயர் வசுமதி, அதில் ரவும் இல்லை லவும் இல்லை, அதனால் என் பெயர் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தது. கடைசியில் வ மட்டும் இருந்தது. வ, வ என்று கூப்பிடுவார், ஒரு நாள் அதுவும் வெறும் மூச்சாகிவிட்டது. அன்றைக்கு நான் சமையலறையில் இருந்தேன், எத்தனை நேரம் மூச்சால் கூப்பிட்டாரோ, ரசத்தைக் கொதிக்கவிட்டுக்கொண்டு நான் பாட்டுக்கு நின்றிருந்தேன், உள்ளே போனபோது முகம் நீலம் பாரித்துக் கிடந்தது. நினைக்கக் கூடாது என்று வைத்திருக்கிறேன், ஆனால் பாய் இறங்கி வராத ஒவ்வொரு நிமிஷமும் அந்த நீலத்தைத்தான் கொண்டு வருகிறது.

வெளிநாட்டில் இதற்கென்றே கருவி இருக்கிறதாம், கண்ணை அசைத்தால் பேசுமாம், அதெல்லாம் நமக்கு எட்டாத கொம்பு. செல்போனில் ஒரு பொடியன், ஹாய் ஃபிரண்ட்ஸ், புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு இது ரொம்ப ரொம்ப ஈஸி என்று கத்துவான், அவனை நம்பித்தான் இறங்கினேன். ஈஸியாம். எல்இடியை நேராக பேட்டரியில் வைத்தேன், ஒரு தரம் கண்ணைப் பறிக்கிற மாதிரி எரிந்துவிட்டு டப்பென்று செத்தது, நடுவில் ரெசிஸ்டர் வேண்டும் என்று அவன் அடுத்த வீடியோவில்தான் சொன்னான். சால்டரிங் ராடு பட்டு விரல் கொப்பளித்தது, ஈயப் புகையில் தலை வலித்தது, அந்த வலியோடு போய் அவருக்குக் கஞ்சி ஊற்றினேன். முதல் பஸ்ஸர் வாங்கியது இன்னும் பெரிய கூத்து. அதில் இரண்டு ஜாதி, கரண்ட் கொடுத்தால் தானே கத்துவது ஒன்று, நாம் தாளம் போட்டுக் கொடுத்தால்தான் கத்துவது இன்னொன்று, வெளியே பார்த்தால் இரண்டும் அதே கறுப்புச் சிமிழ், அடியில் பச்சைத் தகடு தெரிந்தால் கத்தாத ஜாதி. எனக்கு எங்கே தெரியும், பச்சையைத்தான் வாங்கினேன். அப்போது அவருக்குக் கை இருந்தது, இருந்தது என்றால் அசைந்தது. ஸ்விட்ச்சை அமுக்கினார், டிக் என்றது, பல்லி மாதிரி. மறுபடி அமுக்கினார், டிக். இதுவா கூப்பிடப் போகுது உன்னை என்கிற மாதிரி என்னைப் பார்த்தார், வாய் கோணிக்கொண்டு ஒரு சிரிப்பு வந்தது, நானும் கட்டிலில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன், இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன். அப்புறம் சரியான ஜாதியை வாங்கி வந்தால் அது ஜலதோஷம் பிடித்த மாதிரி முனகிற்று, மேலே ஒட்டியிருந்த சின்ன வெள்ளை ஸ்டிக்கரை உரிக்க வேண்டும் என்பது எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. பொடியன் அதைச் சொல்லவே இல்லை.

ஸ்விட்ச் விஷயம்தான் தீராத விஷயம். முதலில் வாசல் காலிங்பெல் ஸ்விட்ச், உள்ளங்கையால் தட்டுவார். கை போனதும் அதைவிடச் சின்னதாகப் பட்டன் ஸ்விட்ச், ஆள்காட்டி விரலுக்கு. விரல் போனதும் மைக்ரோ ஸ்விட்ச், நீளத் தகரநாக்கு வைத்தது, கால் கட்டை விரலுக்கு அடியில். அந்த நாக்கும் போன மாதம் கனத்துவிட்டது, அதாவது நாக்கு அப்படியேதான் இருந்தது, விரல்தான் இளைத்துவிட்டது, அமுக்கி அமுக்கி நெற்றி வேர்ப்பார், பாதியில் நின்றுவிடும். அதைவிட மெல்லிய நாக்குள்ள ஒன்றைத் தேடி வாங்கி இன்னொரு சோப்பு டப்பாவில் வைத்தேன், இரண்டு டப்பாவும் ஜோடியாக வாங்கினது, ஒரே நீலம். பழைய டப்பாவின் பேட்டரியைக் கழற்றிப் புதியதில் போட்டுவிட்டேன், பழையது இப்போது பிணம், சாம்பிளுக்கு மட்டும்தான் ஆகும். புதியது கட்டில் காலடியில், ரப்பர் பேண்டு போட்டு, விரலுக்குக் கீழே. அதுவும் இப்போது கனக்க ஆரம்பித்திருக்கிறது, முந்தாநாள் மூன்றாம் தரம்தான் அமுங்கிற்று, நான் கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், உதவிக்குப் போகவில்லை, வருகிறதா பார்ப்போம் என்று. இதைவிட லேசானது, இதைவிட லேசானது என்று ஒவ்வொரு தரமும் கேட்டுக்கொண்டு வந்து நிற்கிறேன், ஒரு நாள் பாய் சொல்லப் போகிறார், இதுக்கும் கீழே கம்பெனியில செய்யறதில்ல மேடம் என்று. கண் சிமிட்டினால் அடிக்கிற சென்சார் இருக்காமே, அதைக் கற்றுக்கொள்ள வேண்டும், அதற்குக் கண்ணாடிச் சட்டம் வேண்டும், என்னவோ புரோகிராம் எல்லாம் எழுத வேண்டுமாம், கண்ணும் போய்விட்டால் என்ன பண்ணுவது. அதை இப்போது யோசிக்க வேண்டாம்.

இரண்டு பாலிடெக்னிக் பெண்கள் வந்து கவுண்டரில் சாய்ந்துகொண்டு நிற்கிறார்கள், ஒருத்தி கையில் போன், அதில் அதே பொடியன் கத்திக்கொண்டிருக்கிறான். திறந்த தட்டில் பஸ்ஸர்கள் குவிந்து கிடக்கின்றன.

"ஏய், இது போதும்ல? குட்டியா அழகா இருக்கு."

"எல்லாம் ஒண்ணுதான்டி. எடு, போலாம்."

பச்சைத் தகடு. அடியில் பளிச்சென்று பச்சைத் தகடு தெரிகிறது, எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. சொல்ல வேண்டும், அது கத்தாதும்மா, டிக் டிக்கென்றுதான் சொல்லும் என்று ஒரு வார்த்தை, நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லவில்லை. அதுகளும் போய்க் கொஞ்சம் முழிக்கட்டுமே. உலகத்தில் என் ஒருத்திக்கு மட்டுமா வேலை செய்யாமல் போக வேண்டும். இப்படியெல்லாம் நினைக்கிற ஆள் இல்லை நான், இப்போது நினைக்கிறேன், நினைத்துவிட்டு வெட்கமாகவும் இருக்கிறது. அவர்கள் பஸ்ஸரை மேஜையில் எடுத்துவைத்துவிட்டு, பாய் வரட்டும் என்று பக்கத்துக் கடைக்கு ஜூஸ் குடிக்கப் போய்விட்டார்கள், அவர்களுக்கு அவசரமில்லை.

போன் பண்ணிப் பார்த்துவிடலாம். ஜெசிந்தா உடனே எடுத்துவிட்டாள். பக்கத்து போர்ஷன் பெண், தங்கமானவள், நான் வெளியே போனால் வந்து ஹாலில் உட்கார்ந்துகொள்வாள், உள்ளறைக்குள் மட்டும் கூப்பிட்டாலொழியப் போக மாட்டாள், அவர் கண்ணைப் பார்த்தால் பயமாக இருக்கிறதாம். போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், சீரியல் சத்தமும் சேர்ந்து வருகிறது.

"என்னம்மா, எப்படி இருக்காரு?"

"அண்ணன் சூப்பரா இருக்காருக்கா. நீங்க போனதுலேர்ந்து ஒரு தடவைகூட பெல் அடிக்கல."

"ஒரு தடவைகூடவா?"

"ஆமாக்கா. நல்லாத் தூங்குறாரு போல. நீங்க சொன்ன மாதிரி பெல் அடிச்சாப் போய்ப் பாக்கலாம்னு உக்காந்துட்டு இருக்கேன். நீங்க பதட்டப்படாம மெதுவா வாங்க."

நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்குகிறது. உண்மையைச் சொன்னால் இறங்கவில்லை, கரைகிறது, அப்படி ஒரு சுகம், அவர் நிம்மதியாகத் தூங்குகிறார் என்பதற்காகவா, மணி அடிக்காத ஒரு முற்பகல் என்பதற்காகவா, இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பயமாக இருக்கிறது. அந்தச் சத்தத்தை நான் வெறுக்கிறேன். என் கையால் ஈயம் வைத்துச் செய்த சத்தம், ஸ்டிக்கரை உரித்து நானே பெரிசாக்கின சத்தம், அது கேட்காமல் ஒரு வாய் சோறு முழுசாகத் தின்ன மாட்டேனா என்றிருக்கிறது, கேட்காவிட்டாலோ உயிர் போகிறது, எழுந்துபோய் மூக்கில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன். இரண்டு வாரத்துக்கு முன்னால் அடித்துக்கொண்டே இருந்தார், துடைத்தாயிற்று, திருப்பிப் போட்டாயிற்று, ஃபேனைக் கூட்டியாயிற்று, குறைத்தாயிற்று, மறுபடி கீங். என்னதான் வேணும் உங்களுக்கு, வாயத் தொறந்து சொல்லித் தொலைங்களேன் என்று கத்திவிட்டேன். வாயைத் திறந்து. அதற்குப் பிறகு அன்றைக்கு முழுக்க அவர் அடிக்கவில்லை. ஒன்றும் வேண்டாம், சும்மா கூப்பிட்டிருப்பார், பக்கத்தில் உட்கார் என்று, பேச்சுக்காரர்தானே, ஆள் இல்லாமல் அவரால் எப்போதுதான் இருக்க முடிந்தது. இன்றைக்குப் போனதும் உட்கார வேண்டும். சமையல் கிடக்கட்டும், உட்கார்ந்து, பாய் கடையில் அந்தப் பெண்கள் பச்சைத் தகட்டை எடுத்த கதையைச் சொல்ல வேண்டும், கண்ணால் சிரிப்பார்.

காலையில் கொஞ்சம் அமர்க்களமாகிவிட்டது, அதுதான் உட்கார நேரமில்லை. கிளம்பப் போகிற நேரத்தில் விரிப்பு நனைந்துவிட்டது, காலடியில் இருந்த டப்பாவைக் கழற்றிச் சாப்பாட்டு மேஜையில் மற்றதுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவரை அந்தப் பக்கம் புரட்டி, இந்தப் பக்கம் புரட்டி, விரிப்பை உருவி, வேறு போட்டு, முதுகில் பவுடர் போட்டு முடிப்பதற்குள் ஜெசிந்தா வந்துவிட்டாள், பஸ் போயிடும்க்கா என்று அவள் வேறு. மேஜையிலிருந்து ஒன்றை எடுத்துக் காலடியில் ரப்பர் பேண்டு போட்டேன், ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டேன். கட்டினதும் ஒரு தரம் நானே அமுக்கிப் பார்ப்பது வழக்கம், கீங் என்று கேட்டபிறகுதான் நகருவேன், அவரும் அதைக் கேட்டுக் கண்ணை மூடித் திறப்பார், சரி என்று. இன்றைக்கு அமுக்கினேனா. அமுக்கியிருப்பேன். கை தானாகச் செய்கிற காரியம், வாசல் கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்க்கிற மாதிரி, இழுத்தது ஞாபகமிருக்காது, ஆனால் இழுத்திருப்போம். கிளம்பும்போது அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், கண் அகலமாக, மூடவே இல்லை. போய்ட்டு ஓடி வந்துடறேன், சீக்கிரம் வந்துடறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வெளியே போகிற அன்றைக்கெல்லாம் அப்படித்தான் பார்ப்பார்.

பாய் இறங்கி வருகிறார், சட்டையெல்லாம் தூசி, கையில் தீப்பெட்டி அளவில் ஓர் அட்டைப்பெட்டி, முகத்தில் வெற்றி.

"கிடைச்சிடுச்சு மேடம். பழைய ஸ்டாக். ஊதினாலே அமுங்கும், பாருங்க. சாம்பிள் கொண்டாந்தீங்களா?"

பையிலிருந்து டப்பாவை எடுத்து நீட்டுகிறேன். அவர் கவுண்டர் விளக்குக்கு நேரே அதைப் பிடித்துக்கொண்டு, நாக்கின் நீளத்தை அட்டைப்பெட்டியோடு வைத்து அளந்து பார்த்துவிட்டு, கட்டை விரலால் லேசாக ஓர் அமுக்கு அமுக்குகிறார்.

கீங் என்றது.

எதிர்க்கடை என்றுதான் முதலில் நினைத்தேன். எதிர்க்கடைதான். பாய் மறுபடி அமுக்குகிறார், அவர் கைக்குள்ளிருந்து கீங் கீங் என்று வருகிறது, என் வீட்டுச் சத்தம், என் ஈயம், ஸ்டிக்கர் உரித்த என் சத்தம். அதில் பேட்டரி கிடையாதே. பிணமாச்சே அது.

"நல்லாத்தானே மேடம் அடிக்குது? ஏன் மாத்தறீங்க?"

அமுக்கவில்லை. காலையில் அமுக்கிப் பார்க்கவில்லை. காலடியில் கட்டிவிட்டு வந்தது எது, எது, பேட்டரி இல்லாததை, விரலுக்குக் கனத்துப்போன அதே பழைய நாக்கை, அதைத்தான் ரப்பர் பேண்டு போட்டு இறுக்கிக் கட்டிவிட்டு, ஓடி வந்துடறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், அதைத்தான் அவர் கண்ணை மூடாமல் பார்த்துச் சொன்னார், கீங் கேட்கவில்லையே வசு என்று சொன்னார், நான் பஸ்ஸைப் பிடித்தேன். ஒரு தடவைகூட அடிக்கவில்லையாம். நான் சுகப்பட்டேன். இந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு சுகப்பட்டேன். விரல் போன் மேலே வழுக்குகிறது, ஜெசிந்தா, எடும்மா, எடு, எடு.

"சொல்லுங்கக்கா."

"உள்ள போ. உடனே உள்ள போ. பெல்லுக்குக் காத்திருக்காத, அது அடிக்காது. வாயத் தொட, தலைய ஒருக்களிச்சு வை, ஓடு."

சீரியல் சத்தம் தூரமாகிறது. செருப்பில்லாத காலடிச் சத்தம். திரைச்சீலை வளையம் கம்பியில் உரசுகிற சத்தம், அந்த ஓசையை எங்கேயும் அடையாளம் தெரியும் எனக்கு. அப்புறம் ஒன்றுமில்லை. ரிச்சி தெரு முழுக்க ஒரே இரைச்சல், போனுக்குள் மட்டும் ஒன்றுமில்லை.

"ஜெசிந்தா!"

"அக்கா... ஐயோ, தலகாணியெல்லாம் நனைஞ்சு கிடக்குக்கா. மூச்சு இருக்குக்கா, கர்ருகர்ருன்னு இருக்கு, இருங்க, தொடைக்கிறேன்... தொடைச்சுட்டேன்க்கா. திருப்பிட்டேன். கண்ணு தொறந்துதான் இருக்கு. கண்ணெல்லாம் தண்ணி. ஐயோ, நான் தூங்குறாருன்னு... அக்கா, இந்தக் கால் விரல் மட்டும் ஆடிக்கிட்டே இருக்கு. அந்த டப்பாவ அமுக்குது. அமுங்கவே இல்லக்கா, வெரல் நுனி செவந்து போயிருக்கு, ஆனா விடாம அமுக்கிக்கிட்டே இருக்காரு. நான்தான் வந்துட்டேனே, இன்னும் எதுக்குக்கா அமுக்குறாரு?"

கவுண்டருக்கு அந்தப் பக்கம் பாய் என் முகத்தைக் கவனிக்கவில்லை, டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், ஒயரிங் சுத்தமாக இருக்கிறதாம், பையன் கெட்டிக்காரன் மேடம் என்கிறார். இன்னொரு தரம் அமுக்கிப் பார்க்கிறார், கீங் என்று நீளமாக.

"அக்கா, பெல் சத்தம்! உங்க போன்ல கேக்குது." ஜெசிந்தாவின் குரல் இறங்கிவிட்டது. "அண்ணனுக்கும் கேட்டுடுச்சுக்கா. வெரல நிறுத்திட்டாரு. நீங்க வரீங்கன்னு வாசலையே பாக்குறாரு."